பருவுக்கு ரீ ட்றீ ஒயில்: முதல் தரம் பாவிக்கிற ஆக்களுக்கு

கிளிநொச்சி வெயில், ஏ9 ரோட்டுப் புழுதி, நாள் முழுக்க வேர்வை, இதுக்குள்ள பரு வாற முகத்தோட அல்லாடுற தங்கச்சிமார் கனபேர் ரீ ட்றீ ஒயில் எப்பிடிப் பூசுறது எண்டு கேக்கினம், அதான் ஆறுதலா எழுதுறன்.

பேரைப் பார்த்திட்டு எங்கட மலைநாட்டுத் தேயிலை எண்டு நினைக்காதேங்கோ. இது அவுஸ்திரேலியாவில வளர்ற வேற மரம், அதின்ர இலையை ஆவியில வடிச்சு எடுக்கிற எண்ணெய். வாங்கேக்க போத்தலில மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா எண்டு கிடக்கோ பாருங்கோ, கடும்நிறக் கண்ணாடிப் போத்தலா இருக்கோணும்.

நான் முதல் தரம் ஒண்டும் கலக்காம பஞ்சில தொட்டு கன்னத்தில வைச்சன். உடன எரிஞ்சுது, விடியச் சிவந்து கிடந்துது, பிறகு வெங்காயச் சருகு மாதிரித் தோல் உரிஞ்சுது. அக்கான்ர கலியாணத்துக்கு மூண்டு நாள்தான் கிடந்தது, அழுதே போட்டன்.

அதால அளவுதான் முக்கியம். பிள்ளையளுக்கு மருந்து குடுக்கிற 5 மில்லி கரண்டி நிறைய கற்றாழை ஜெல் எடுங்கோ, அதில ரெண்டே ரெண்டு துளி விட்டு வடிவாக் கலவுங்கோ, இது ரெண்டு வீதம் மட்டில வரும். தேங்காயெண்ணெயில கலக்காதேங்கோ, பரு வாற தோலில அது துவாரத்தை அடைக்கப் பாக்கும்.

முகத்துக்குப் போக முதல் முழங்கை உள்பக்கத்தில கொஞ்சம் பூசி ரெண்டு நாள் பாருங்கோ. கடிச்சாலோ தடிச்சாலோ அதோட விட்டிடுங்கோ. ஒண்டுமில்லையெண்டா, இரவு முகம் கழுவித் துடைச்சிட்டு பட்ஸால பருவில மட்டும் தொட்டு வையுங்கோ, கண், உதட்டுப் பக்கம் போகவேண்டாம். ரெண்டு கிழமை தோல் தாங்கினா 5 துளி வரைக்கும் கூட்டலாம். 1990இல அவுஸ்திரேலியாவில 124 பேரில செய்த ஆய்விலயும் ஐந்து வீத ரீ ட்றீ ஜெல்தான் பாவிச்சவை, பென்சோயில் பெரொக்சைட் எண்ட பரு மருந்தை விட அது மெதுவாத்தான் வேலை செய்தது, ஆனா எரிவு, தோல் வறட்சி குறைவு. ஒரு கிழமையில மாறேல்லை எண்டு அள்ளிப் பூசாதேங்கோ, மாசக்கணக்கா எடுக்கும்.

போத்தலை இறுக்க மூடி, வெயில் படாத இடத்தில, சின்னப்பிள்ளையளுக்கு எட்டாம வையுங்கோ. குடிச்சா நஞ்சு. பழசாகி மணம் மாறினா எறியுங்கோ, அதுதான் கூட அலர்ஜி தரும். உள்ளுக்க கட்டியா நோகிற பருவெண்டா இதை நம்பி இருக்காம தோல் டொக்டரிட்டக் காட்டுங்கோ, அது தழும்பு விடும்.