டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை

மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா பக்கமிருந்து எங்கள் டயாலிசிஸ் (சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும்) வார்டுக்கு வரும் தமிழர்களில் நெல்லைக்காரர்கள் நிறைய. கூட வரும் வீட்டாரிடம் நான் முதலில் பேசுவது கையைப் பற்றித்தான்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து பிஸ்டுலா போட்ட கையில், தழும்பின் மேல் விரலை லேசாக வையுங்கள். உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம் அது. ரத்தம் வேகமாகப் பாய்வதால் அப்படி அதிர்கிறது. காலையில் பல் தேய்த்ததும், இரவு படுக்கும் முன்பும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் நாள்வரை பொறுக்காமல் உடனே வாருங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ யாரையும் விடாதீர்கள். இறுக்கமான வளையல், வாட்ச் கூடாது. தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. தண்ணீர் கேனை மற்றக் கையில்தான் தூக்க வேண்டும்.

ஊசி போட்ட இடம் வீட்டில் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. பீய்ச்சி அடித்தால் அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள். பிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்தில் டயாலிசிஸ் டியூப் உள்ளவர்கள் அதை நனைக்கக் கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே வர வேண்டும்.

அப்புறம் தண்ணீர். பொதுவாக ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். உங்கள் டாக்டர் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. "தண்ணியே குடிக்கல சிஸ்டர், நாலு கட்டிங் சாய்தான்" என்பார்கள், அரை கிளாஸ் டீயைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். அதுவும் தண்ணீர்தானே அண்ணாச்சி! ரசம், மோர், கஞ்சி, ஐஸ் எல்லாமே கணக்கில் வரும். அன்றைய அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். டீ குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடாபாவ் எல்லாம் உப்பு; தாகம் ஏறும். அதற்காக 'லோ சோடியம்' உப்பு வாங்கிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சூட்டுக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் வாங்கிவரும் இளநீரிலும் அதுதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிள் முழுகி, ரயிலும் நின்று, உங்கள் முறை தவறினால் வார்டுக்கு போன் போட்டு அடுத்த நேரம் கேளுங்கள். அதுவரை தண்ணீர், பழம் இரண்டையும் இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். மூச்சு வாங்கினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் போனாலோ, கைகால் தளர்ந்தாலோ பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போய், "டயாலிசிஸ் பேஷண்ட், ஒரு முறை தவறிவிட்டது" என்று முதலில் சொல்லுங்கள்.