ஐயாவின் கணினியில் விண்டோஸ் 11: பெரியவர்களுக்குப் பழக்கும் முறை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தேவகோட்டையில் ஐயாவின் கணினியையும் மாற்ற வேண்டியதாயிற்று. வளவு வீட்டில் இருட்டிலும் சாவி தொங்கும் ஆணிக்கு அவர் கை தானாகப் போகும். கணினியையும் அப்படித்தான் இடம் பார்த்தே இயக்குகிறார். அந்த இடங்களைக் காப்பாற்றிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

1. மாற்றுவதற்கு முன் ஒரு காலைப் பொழுது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். எதைத் திறக்கிறார், எங்கே சேமிக்கிறார் என்று குறித்துக்கொண்டு, பழைய திரையைப் படம் எடுத்துவையுங்கள். ஐயாவின் படைப்புக் கணக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கின் வரவு செலவு) முழுவதும் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே அடுத்த வேலை.

2. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருக்கும். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போய், அலைன்மென்ட்டில் ‘லெஃப்ட்’ என்று வையுங்கள். பொத்தான் பழைய மூலைக்கே வந்துவிடும்.

3. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் டெக்ஸ்ட் சைஸ் இருக்கிறது. எழுத்தை 225 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அளவை அவரே சொல்லட்டும்.

4. இனி மவுஸ் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிச் செய்துகாட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அவருக்கு ஒன்றும் பதியாது. ஐயா ரைட் கிளிக் செய்துவிட்டு, வழக்கமான வரிசையில் ‘காப்பி’யைத் தேடினார். சுட்டி மேலும் கீழும் அலைந்தது. “எடுத்துவிட்டார்களா அப்பா?” என்றார். கட், காப்பி எல்லாம் இப்போது பட்டியலின் ஓரத்தில் சிறு படங்களாக இருக்கின்றன. ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தினால் பழைய பட்டியலே வரும். அதைக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு இப்படி ஒரு விஷயம் போதும்.

5. அவர் சொல்லும் சொற்களிலேயே ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தாளில் ‘பிரவுசர்’ என்று எழுதவில்லை, ‘பேப்பர் படிக்கும் இடம்’ என்று எழுதினோம்.

6. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளுக்கு ‘குயிக் அசிஸ்ட்’ பெரிய துணை. உதவுகிறவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெற்றுச் சொல்வார். பெரியவர் அதைத் தட்டி அனுமதி கொடுத்தால், அவர் திரையை அங்கிருந்தே பார்க்கலாம். மோசடிக்காரர்களும் இதே வழியில்தான் உள்ளே வருகிறார்கள். ஆகவே தாளின் உச்சியில் சிவப்பு மையில், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணையும் சேர்த்து, இரண்டு வரி எழுதுங்கள்: “நாமாக நம் பிள்ளைகளைக் கூப்பிட்டால் மட்டுமே குறியீடு. பணம் போய்விட்டால் உடனே 1930.”