சாகச மாதிரி விமானத்துக்கு சர்வோ தேர்ந்தெடுப்பது எப்படி?

ரிமோட் விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்பும் சிறிய மோட்டார்தான் சர்வோ. அதை வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் முதலில் தேடுவது முறுக்குவிசை எண்ணைத்தான். 20 கிலோ என்று போட்டிருந்தால் 10 கிலோவைவிட மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சாகச விமானத்தில் அந்த எண்ணைவிட, சர்வோ எவ்வளவு துல்லியமாக நடுநிலைக்குத் திரும்புகிறது என்பதே எனக்கு முக்கியம்.

படி 1: விமானத்தின் கையேட்டைத் திறங்கள்

சர்வோவின் அளவு, எண்ணிக்கை, குறைந்தபட்ச முறுக்குவிசை ஆகியவை அதில் இருக்கும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். சிறிய ஃபோம் விமானங்களுக்குப் பெரும்பாலும் 9 கிராம் வகையே போதும். 3டி பறத்தலில் (விமானத்தைக் காற்றில் தொங்கவிடுவது போன்ற சாகசங்களில்) எலிவேட்டர், அதாவது மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பலகை, 45 டிகிரி, சில சமயம் அதற்கு மேலும் திரும்பும். பக்கவாட்டில் சாய்ந்து பறக்கும் நைஃப் எட்ஜில் ரட்டர் (வாலின் செங்குத்துப் பலகை) சர்வோவுக்குச் சுமை அதிகம். சிக்கனத்தை அங்கே காட்ட வேண்டாம்.

படி 2: எண்களைப் படியுங்கள்

10 கிலோ-செ.மீ. என்றால், அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 10 கிலோ விசை, 2 செ.மீ. தொலைவில் 5 கிலோதான். அதுவும் சர்வோ அசைய முடியாமல் நின்றுபோகும் எல்லை. அதில் பாதிக்குள் வேலை முடிகிற மாதிரி தேர்ந்தெடுப்பது என் வழக்கம். அந்த எண் எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்பதையும் பாருங்கள்: 7.4 வோல்ட்டில் தரும் விசையை 6 வோல்ட்டில் தராது.

வேகத்தை 60 டிகிரி திரும்ப ஆகும் நொடியாகக் குறிப்பிடுவார்கள். 3டிக்கு 0.15 நொடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன்.

படி 3: ஆட்டத்தைச் சோதியுங்கள்

சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, அதன் கையை (அச்சில் மாட்டும் துளையுள்ள பட்டையை) விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கியரில் ஆட்டம் (தளர்வு) தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பிறகு சர்வோவின் கையில் நீளமான கம்பி ஒன்றைக் கட்டி, அதன் முனை நிற்கும் இடத்தைக் காகிதத்தில் குறியுங்கள். டிரான்ஸ்மிட்டரின் (ரிமோட்டின்) ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி விடுங்கள், அடுத்து இடப்பக்கம். இரண்டு முறையும் முனை அதே குறிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத சர்வோவை வைத்துக்கொண்டு நேர்கோட்டில் பறப்பதே பாடு. ஆட்டம் மிகுந்தால் வேகத்தில் ஏலரான் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) படபடக்கத் தொடங்கி, சில நொடிகளில் பிய்ந்துபோகவும் கூடும்.

பழைய அனலாக் சர்வோ நொடிக்கு ஏறத்தாழ 50 முறை தன்னைத் திருத்திக்கொள்ளும். டிஜிட்டல் பெரும்பாலும் 300 முறை. அதனால் டிஜிட்டல் இறுக்கமாகப் பிடித்து நிற்கும். உலோகக் கியர் சாகசத்துக்கு ஏற்றதுதான், ஆனால் தேயத் தேய அதிலும் ஆட்டம் வரும்.

படி 4: மின்சாரத்தைக் கணக்கிடுங்கள்

டிஜிட்டல் சர்வோக்கள் மின்சாரத்தை அதிகம் குடிக்கும். எல்லாம் ஒன்றாக இழுத்தால் மின்னழுத்தம் விழுந்து, விமானத்துக்குள் சிக்னலைப் பெறும் ரிசீவர் நடுவானில் அணைந்து மீண்டும் எழும். 2 ஆம்பியர் மட்டுமே தரும் பி.இ.சி.யை (பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தரும் கருவியை) நம்பாமல், தனி பி.இ.சி. அல்லது ரிசீவருக்கென்று தனி பேட்டரி வையுங்கள். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட் தரும். உயர் வோல்ட் வகை அல்லாத சர்வோவை அதில் நேரடியாக இணைக்காதீர்கள்.

படி 5: பொருத்துங்கள்

ஃபுடாபா நிறுவன சர்வோவின் அச்சில் 25 பற்கள், ஹைடெக் நிறுவனத்தினதில் 24. ஒன்றின் கையை மற்றொன்றில் அழுத்தித் திணிக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டரை இயக்கி, சர்வோவை நடுவில் நிறுத்திய பின்பே கையை இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக மாட்டுங்கள். அசைவு அதிகமாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரில் அசைவின் சதவீதத்தைக் குறைக்காமல், கம்பியைக் கையின் உள்துளைக்கு மாற்றுங்கள். விசையும் கூடும், துல்லியமும் குறையாது. கடைசியாக ஸ்டிக்கை முழுதாகத் தள்ளிப் பிடித்துக் கேளுங்கள். சர்வோ விடாமல் முனகினால் எங்கோ இடிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பறக்கவிடாதீர்கள்.