சைக்கிள் காப்பீடு: ஃப்ரேம் எண்ணில் சிக்கிய விண்ணப்பம்

1,80,000 ரூபாய் கார்பன் சைக்கிளுக்கான காப்பீட்டு விண்ணப்பம் "ஃப்ரேம் எண் பொருந்தவில்லை" (சைக்கிள் சட்டத்துக்கே உரிய தனி எண்) என்று நான்கு நாளாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. பில்லைப் புதிதாக ஸ்கேன் செய்தேன், படத்தை மாற்றினேன், பலனில்லை.

சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் கைகளின் (கிராங்க்) அச்சு போகும் பாட்டம் பிராக்கெட்டின் அடியைத் துடைத்துப் பார்த்ததும் விளங்கியது: பில்லில் இருந்தது அட்டைப்பெட்டியின் மாடல் எண். பல கார்பன் ஃப்ரேம்களில் எண்ணைப் பொறிப்பதில்லை, வார்னிஷுக்கு அடியில் ஸ்டிக்கர்தான். ஃப்ளாஷ் போட்டால் படம் வெளுத்துவிடும்; டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். கடையில் பில்லைத் திருத்தி முத்திரையோடு அனுப்பினேன், அன்றே ஏற்றார்கள். அப்பாடா!

காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் தேய்மானக் கழிவு (சைக்கிள் பழசாக ஆக இழப்பீட்டில் குறைக்கும் தொகை) எவ்வளவு, எந்தப் பூட்டு, எதோடு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளை முதலில் படியுங்கள். கழிவு அதிகமென்றால் மூன்றாம் ஆண்டில் பிரீமியம் வீண்.