காஃபீன் கேஷில் காலாவதி மட்டும் போதாது

ஜாவாவில் காஃபீன் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் லைப்ரரி) வைத்திருப்பவர்கள் எக்ஸ்பயர்ஆஃப்டர்ரைட் (எழுதிய பின் மதிப்பு காலாவதியாகும் நேரம்) 10 நிமிடம் என்று கொடுத்தால், கூடவே ரீஃப்ரெஷ்ஆஃப்டர்ரைட் (எழுதிய பின் மதிப்பைப் புதுப்பிக்கத் தகுதியாகும் நேரம்) 5 நிமிடம் என்றும் கொடுத்துவிடுங்கள். காலாவதி மட்டும் இருந்தால், கெடு முடிந்ததும் வரும் ரிக்வெஸ்ட் டேட்டாபேஸ் பதில் தரும்வரை காத்துக்கிடக்கும். ரீஃப்ரெஷும் இருந்தால், 5 நிமிடம் தாண்டிக் கேட்பவருக்குப் பழைய மதிப்பு உடனே போய்விடும். புதியது பின்னணியில் லோடாகும். அந்த லோடு தோற்றாலும் 10 நிமிடக் கெடுவரை பழையது கைகொடுக்கும். யாரும் கேட்காத கீ (மதிப்பைத் தேட உதவும் பெயர்) தானாகப் புதுப்பிக்கப்படாது, அதனால் காலாவதியை எடுத்துவிட வேண்டாம்.

மதிப்பைத் தானே லோடு செய்துகொள்ளும் லோடிங் கேஷுக்கு மட்டுமே இந்த ரீஃப்ரெஷ் பொருந்தும். கையால் புட் செய்து நிரப்பும் சாதாரண கேஷில் இதைக் கொடுத்தால், கேஷை உருவாக்கும் பில்ட் மெத்தடை அழைக்கும்போதே எக்ஸப்ஷன் (பிழை) வந்துவிடும் (நல்லதுதான்). கணக்கு இருப்பு, பயனர் அனுமதி மாதிரி கொஞ்சம் பழசானாலும் வம்பாகும் விஷயங்களுக்கு இந்த ரீஃப்ரெஷ் வேண்டவே வேண்டாம்.