‘வாஸ் குவிட்டிங்’ எங்கே சரி?
பழைய வேலையை விட்டதைச் சொல்ல ‘ஐ வாஸ் குவிட்டிங்’ வேண்டாம், ‘ஐ குவிட்’ போதும். கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலோ இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கவனிக்க. ‘ஐ வாஸ் குவிட்டிங்’ என்றால் ‘விட்டுக்கொண்டிருந்தேன்’ என்றுதான் ஆகும். விட்டாயிற்று என்பது அதில் வராது. குவிட்டுக்கு இறந்தகாலத்திலும் அதே வடிவம்தான், ‘குவிட்டெட்’ என்று இழுப்பது இப்போது அரிது.

‘வேலையை விடுகிற நேரத்தில் சம்பளத்தைக் கூட்டினார்கள்’ என்று நடுவில் ஒன்று குறுக்கிட்டால் ‘வாஸ் குவிட்டிங்’தான் சரி. அப்புறம், அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’ (t) இரண்டு. க்யூவை ஒட்டி வரும் யூ அங்கே உயிரெழுத்துக் கணக்கில் சேராது. மிஞ்சுவது ஓர் ஐ, ஒற்றை உயிருக்குப் பின் வருவதால்தான் டி இரட்டிக்கிறது. ஏ, ஐ என இரண்டு உயிர் வரும் ‘வெயிட்டிங்’குக்கு ஒரு டிதான்.