நானோ வரிகளில் நரம்பு வளர்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

நானோ அளவில் வரிவரியாகப் பள்ளம் போட்ட பரப்பில் நரம்பு செல்லை விட்டால், அதிலிருந்து வளரும் மெல்லிய நரம்பிழை பெரும்பாலும் பள்ளத்தின் போக்கிலேயே நீளும். சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு செல்கள் நகர்வதை 1914-லேயே ராஸ் ஹாரிசன் காட்டிவிட்டார். காட்பாடி, வேலூர் பக்கம் பயோடெக் படிக்கிறவர்கள் இதை ப்ராஜெக்டாக எடுத்தால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

முதல் தவறு, எல்லாப் பெருமையையும் பள்ளத்துக்கே கொடுப்பது. வெறும் பிளாஸ்டிக்கில் நரம்பு செல் சரியாக ஒட்டாது. செல் ஒட்டுவதற்காகப் பாலி-லைசின், லேமினின் (ஒரு புரதம்) என்று எதையாவது பூசுகிறோம். அந்தப் பூச்சு மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி படியாமல் போகலாம். அப்புறம் இழை பிடித்துக்கொண்டது வடிவத்தையா, லேமினினையா? அதே பொருளில், அதே பூச்சோடு, பள்ளம் மட்டும் இல்லாத தட்டைப் பரப்பு பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பெட்ரி டிஷ்ஷோடு ஒப்பிடுவது ஒப்பீடே இல்லை. பரப்பு பிடிஎம்எஸ் (ஒரு சிலிக்கோன் ரப்பர்) என்றால் இன்னொரு தொல்லை: பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டியதும் தண்ணீரை ஏற்கும், நாள் போகப்போகப் பழையபடி விலக்க ஆரம்பிக்கும். இன்று பூசியதும் அடுத்த வாரம் பூசியதும் ஒரே பரப்பு அல்ல.

பள்ளத்தின் அகலத்தை மட்டும் எழுதி ஆழத்தை விட்டுவிடுகிறார்கள். ஆழம் குறைந்தால் வழிகாட்டலும் குறையும். எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதிச் செல்கள் ஆழமில்லாத குறுகிய பள்ளங்களுக்குக் குறுக்கே வளர்ந்ததும் உண்டு. அப்படி வந்தால் 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போடாதீர்கள்.

கோணக் கணக்கில் ஏமாறுவது சுலபம். இழைக்கும் பள்ளத்துக்கும் இடையிலான கோணத்தை 0 முதல் 90 டிகிரிக்குள் அளந்தால், எந்த வழிகாட்டலும் இல்லாமலே சராசரி 45 வரும். அதனால் சராசரியை மட்டும் தராமல் பரவலையும் வரைந்து காட்டுங்கள். ஒரே டிஷ்ஷில் 200 இழைகளை அளந்தாலும் அது ஒரு சோதனைதான்.

இந்தச் சோதனைகளில் பயன்படும் பிசி12 என்பது எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்த செல் வகை. தொடங்குவதற்குச் சரி, அறிக்கையில் 'நியூரான்' என்று எழுதாதீர்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு, டிஷ்ஷில் இழை நேராக நீண்டதைச் சிகிச்சை என்று சொல்வது. வேலூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்காது. 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சேதமாவதற்கு முக்கியக் காரணம் உணர்வு போனதுதான் என்று காட்டினார். உணர்வு திரும்ப, இழை சரியான தோலைப் போய்ச் சேர வேண்டும். வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல்நுனிக்கு ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். அதற்குள் தசை மெலிந்துவிடும், நரம்பிழையைச் சுற்றித் துணைநிற்கும் ஷ்வான் செல்களும் சோர்ந்துவிடும். தொழுநோயிலோ கிருமி அந்த ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும். முடிவுரையில் 'இழைகள் பள்ளத்தின் திசையில் நீண்டன' என்று எழுதினால் போதும்.